ஏழாம் எண் வண்டி

போலீஸ்காரர்கள் ஓட்டி ஓய்ந்த அந்தக் காரை ஏலத்தில் எடுத்த அன்று, என் தங்கை ஜோலீன் இஞ்சினைத் திறந்து பார்க்கவில்லை, டயரை உதைத்துப் பார்க்கவில்லை. நேராகக் கூரையைப் பார்த்தாள். பழைய ஆன்டெனாக்கள் நின்ற இடத்தில் ஓட்டைகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் விரலை விட்டுப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"ஓட்டை போடற வேலை உனக்கு மிச்சம். சோம்பேறிக்குன்னே செஞ்ச வண்டி" என்றாள்.

என்றாள் என்று எழுதுகிறேனே தவிர, அவள் சொன்னது கையால். சின்ன வயதில் மூளைக்காய்ச்சல் வந்து அவளுக்குக் காது போனது. வாய்ப்பேச்சு இருக்கிறது, வீட்டைத் தாண்டி அதை வெளியே எடுக்கமாட்டாள். அவள் கையால் பேசுவதை நான் பேச்சாகவே எழுதிவிடுகிறேன். சைகை காட்டினாள் என்று எழுதினால் ஏதோ சாது என்று நினைத்துவிடுவீர்கள். கன்சாஸில் எங்கள் மாவட்டம் முழுக்கத் தேடினாலும் அவ்வளவு வாயாடி கிடைக்கமாட்டாள்.

எனக்குத் தானியக் கிடங்குக்குப் பின்னால் ஒரு பட்டறை. அறுவடை இயந்திரம், தீயணைப்பு வண்டி, ஷெரிஃப் வண்டி எல்லாவற்றுக்கும் ரேடியோ மாட்டுவது என் தொழில். நன்றாகச் செய்வேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. நேடீன் உன்ரூ இழுத்த ஒயர் கதவில் சிக்கி அறுந்தது என்று இதுவரை யாரும் என் வாசலில் வந்து நின்றதில்லை.

ஜோலீன் அறுவடைக் காலத்தில் தானிய லாரி ஓட்டுவாள். வசந்தம் வந்தால் லாரி நிற்கும், அவள் நிற்கமாட்டாள். மேற்கே மேகம் கருத்தால் போதும், ஒரு பை சூரியகாந்தி விதையோடு கிளம்பிவிடுவாள். எந்த மேகம் மழையைக் கொட்டிவிட்டுப் போகும், எது அடியில் சுழல ஆரம்பிக்கும் என்பது அவளுக்குப் பார்த்தவுடன் தெரியும்.

அந்தக் கண்ணுக்கு எங்கள் மாவட்டத்தில் தேவை இருந்தது. வானிலை ராடார் எங்களுக்கு வெகு தூரம். பூமி வளைந்து போவதால் அதன் கதிர் எங்கள் தலைக்கு மேலே மிக உயரத்தில் போய்விடும். மேகத்தின் தலையை அது பார்க்கும். சுழல்காற்று இறங்குகிற அடிவயிற்றைப் பார்க்காது. அதைப் பார்க்க மனிதர்கள் வேண்டும். அதனால் மேகம் கருத்த நாளில் ஊர்க்காரர்கள் சிலர் சொந்த வண்டியை எடுத்துக்கொண்டு மேற்கு எல்லையில் ஆளுக்கொரு சாலையில் போய் நிற்பார்கள். ஆளுக்கு ஓர் எண். நீதிமன்றக் கட்டடத்தின் அடித்தளத்தில் கர்ட்டிஸ் ராட்ஸ்லாஃப் ரேடியோ முன்னால் உட்கார்ந்திருப்பான். பார்த்ததை அவனிடம் சொல்வார்கள். ஊர்ச் சைரனை அவன் அழுத்துவான்.

ஏழாம் எண் காலியாகியிருந்தது. அதை வைத்திருந்தவர் மகளோடு இருக்க டெக்சஸுக்குப் போய்விட்டார். ஜோலீனுக்கு அந்த எண் வேண்டும். பல வருடமாக அவள் ஆசைப்பட்டுக் கேட்ட ஒரே பொருள் அதுதான்.

கர்ட்டிஸ் முடியாது என்றான்.

அவனும் நானும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். பட்டறைக்கே அவனை வரவழைத்தேன். "ஏன் முடியாதுன்னு எங்கிட்ட சொல்லாத. அவ மூஞ்சியப் பாத்து சொல்லு. உதட்டப் படிச்சிக்குவா."

அவன் தொப்பியைக் கழற்றினான். "ஜோலீன், உன் கண்ணு மேல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா நான் வரிசையா நம்பர் கூப்பிடறப்போ நீ என்ன பண்ணுவ?"

அதுதான் எங்கள் ஆட்களின் வழக்கம். புயல் நடக்கும்போது கர்ட்டிஸ் ஒன்றாம் எண்ணிலிருந்து வரிசையாகக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பான். ‘இருக்கேன்’ என்று ஒவ்வொரு வண்டியும் குரல் கொடுக்க வேண்டும். பதில் வராவிட்டால் இன்னொரு முறை கூப்பிடுவான். அதற்கும் வராவிட்டால், பக்கத்துச் சாலையில் நிற்கும் வண்டி போய்த் தேட வேண்டும். மழை, ஆலங்கட்டி, எதுவானாலும் சரி. எங்கும் எழுதி வைக்காத சட்டம். இதுவரை ஒருவரும் மீறியதில்லை.

"நீ கேக்காம விட்டா, உன்னத் தேடிப் போக வேண்டியவன் நான்" என்றான் கேலன் ஃப்ரீசன். அவன் டிராக்டர் விற்கிறவன், நான்காம் எண்காரன், என் காபியை ஓசியில் குடிக்கவே கர்ட்டிஸோடு ஒட்டிக்கொண்டு வந்திருந்தான். "கோச்சுக்காத அம்மணி. நீ பாட்டுக்கு விதையக் கொறிச்சிட்டு வானத்த வேடிக்கை பாத்திட்டிருப்ப. நான் ஆலங்கட்டியில வந்து மண்டையக் குடுக்கணுமா?"

ஜோலீன் என் பக்கம் திரும்பினாள். "மண்டைய நினைச்சுக் கவலப்பட வேணாம்னு சொல்லு. உள்ள சேதமாக ஒண்ணும் இல்ல."

அப்படியே சொன்னேன். அவள் சொல்வதில் நான் ஒரு சொல்லையும் விடுவதில்லை. கேலனே சிரித்தான். கர்ட்டிஸும் சிரித்தான், ஆனால் தலையை ஆட்டவில்லை. எனக்கு சுர்ரென்று ஏறிவிட்டது.

"அவளுக்குக் கேக்கற மாதிரி ஒரு வண்டிய நான் கட்டித் தர்றேன். அதுக்கப்புறம் நீ கூப்பிட்டு அவ ஒரே ஒரு தடவ பதில் சொல்லாம விட்டாலும் இந்தப் பேச்ச நாங்க எடுக்க மாட்டோம்."

"ஒரே தடவையா? மத்தவங்களுக்கே ரெண்டு உண்டு" என்றான் கர்ட்டிஸ்.

"ஒரே தடவ."

ஜோலீன் என் கணுக்காலில் உதைத்தாள். "என் நம்பர வெச்சு நீ எதுக்குடி பந்தயம் கட்டற?" ஆனால் அவள் கண் மின்னியதை நான் பார்த்தேன்.

அப்படித்தான் அந்த வண்டி என் பட்டறைக்குள் வந்தது. போனில் பேசினால் அது எழுத்தாக மாறி வருகிற காலம் இன்னும் வரவில்லை. வந்திருந்தாலும் பயன் இல்லை. மேற்கு எல்லையில் போனுக்கு சிக்னலே கிடையாது. எல்லாவற்றையும் ரேடியோவை வைத்தே செய்ய வேண்டும்.

முதலில் மின்சாரம். புயல் பார்க்கப் போகிறவர்கள் பாதிப்பேர் கோட்டை விடுவது இங்கேதான். இஞ்சினை நிறுத்திவிட்டு ரேடியோ, லேப்டாப் என்று எல்லாப் பெட்டிகளையும் ஓடவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். தப்பி ஓட வேண்டிய நேரத்தில் சாவியைத் திருப்பினால் வண்டி ஒரு முனகலோடு அடங்கிவிடும். நான் பின்பெட்டியில் இரண்டாவது பேட்டரி வைத்தேன். இஞ்சின் நின்றால் ஒரு ரிலே இரண்டையும் பிரித்துவிடும். பெட்டிகள் எவ்வளவு குடித்தாலும் இஞ்சினுக்கான பேட்டரியைத் தொட முடியாது. லேப்டாப்புக்கு மின்சாரம் தரும் இன்வெர்ட்டர் ரேடியோவுக்குள் இரைச்சலைக் கிளப்பியது. அதையும் பின்பெட்டிக்குத் துரத்தினேன். லேப்டாப்பின் தாங்கியைத் தரையோடு போல்ட் போட்டு இறுக்கினேன். வண்டி பள்ளத்தில் விழுந்தால் உள்ளே பறக்கிற பொருள் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது என் கணக்கு. அவளுடைய விதைப் பைக்கும் ஒரு வலைப்பை தைத்து மாட்டினேன். முன்கண்ணாடிக்கு மேலே, மாட்டுப்பட்டிக்குப் போடும் கம்பிவலையை வெட்டிச் சட்டம் அடித்தேன்.

இதற்கெல்லாம் பிறகுதான் உண்மையான வேலை. கர்ட்டிஸ் கூப்பிடுவது அவளுக்குத் தெரிய வேண்டும்.

தீயணைப்பு ஆட்களை அவன் எழுப்புகிற விதம் எனக்குத் தெரியும். அவன் ஒரு பொத்தானை அழுத்தினால் ரேடியோவில் இரண்டு ஊளைகள் போகும். அந்த ஊளைகளுக்கென்று இருக்கிற பெட்டி மட்டும் விழித்துக்கொள்ளும். அதே மாதிரிப் பெட்டி ஒன்றை வாங்கி, அது விழித்தால் ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு மஞ்சள் விளக்கு எரியும்படி செய்தேன். அழகாக வேலை செய்தது. பெருமையோடு ஜோலீனை உட்கார வைத்தேன்.

"நான் மேகத்தப் பாக்கவா, உன் பல்பப் பாக்கவா?" என்றாள்.

அவள் சொன்னது சரி. அதனால் எனக்கு வந்த கோபமும் சரி. ஒரு நாள் முழுக்க அவளோடு பேசவில்லை. பிறகு நெடுஞ்சாலைக் கடையில், லாரிக்காரர்கள் முதுகுவலிக்கு வாங்குகிற அதிர்வு மெத்தை ஒன்றைப் பார்த்தேன். வாங்கிவந்து கிழித்து, மோட்டாரை எடுத்து, சீட்டின் இரும்புச் சட்டத்திலேயே திருகிவிட்டேன். அவளிடம் சொல்லாமல் பொத்தானை அழுத்தினேன். துள்ளிய துள்ளலில் தலை கூரையில் இடித்தது. அவள் அப்போது கையால் சொன்னதை மட்டும் நான் மொழிபெயர்க்கப் போவதில்லை.

கர்ட்டிஸ் ஏதாவது சொல்ல நினைத்தால் தட்டச்சு செய்யலாம். ரேடியோ வழியாகவே அது அவள் லேப்டாப்பில் எழுத்தாக வரும். அவள் வண்டி நிற்கிற இடம் அவன் திரையில் ஒரு புள்ளியாகத் தெரியும். மிச்சம் இருந்தது அவளுடைய பதில். அவளும் தட்டச்சு செய்தால் போதாதா என்றால், போதாது. மேற்கே நிற்கிற மற்ற வண்டிகளும் கேட்க வேண்டும். அவர்களிடம் இருப்பது ஸ்பீக்கர் மட்டும். குரல் வேண்டும்.

அறுவடை இயந்திரத்துக்கு வருகிற பெரிய பொத்தான்களை வரிசையாகப் பதித்தேன். பார்க்காமலே விரல் கண்டுபிடிக்கட்டும் என்று ஒவ்வொன்றின் தலையிலும் ஒன்றை ஒட்டினேன்: ஒன்றில் நட்டு, ஒன்றில் வாஷர், ஒன்றில் சோளமணி. ஒரு பொத்தானை அழுத்தினால் அதற்குரிய பதிவு ரேடியோவில் போகும்.

"யார் குரல்?" என்று கேட்டேன்.

அவள் யோசிக்கவே இல்லை. "உன் குரல்தான். வேற யாரு இருக்கா?"

கதவைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, மைக் முன்னால் உட்கார்ந்தேன். "ஏழு. இருக்கேன்." அவள் எதிரே உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடி சொல் என்றாள். சொன்னேன். மறுபடி என்றாள்.

"உனக்குத்தான் கேக்காதே, எது சரியில்லன்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்று கத்தினேன்.

"குரல் எனக்குத் தெரியாது. மூஞ்சி தெரியும். கடன்காரனத் தொரத்தற மாதிரி இருக்கு."

அந்த மூஞ்சியோடுதான் எல்லாம் பதிவானது. ஆலங்கட்டி விழுகிறது, மேகம் சுழல்கிறது, தரையில் இறங்கிவிட்டது, பின்வாங்குகிறேன். கடைசியாக ‘போறேன்’ என்று ஒன்று கேட்டாள். அது எதற்கு என்றேன். "யாராவது காணாமப் போனா தேடச் சொல்வாங்கல்ல?" என்றாள். நான் அதிகம் யோசிக்காமல் எரிச்சலோடு அதையும் சொல்லி முடித்தேன். எனக்குப் பசி.

வண்டியைப் பார்க்க ஊரே வந்தது. கேலனும் வந்தான். அவனுடைய லாரியில் ஆறு ஆன்டெனா, முள்ளம்பன்றி மாதிரி நிற்கும். எங்கள் காரைச் சுற்றிச் சுற்றி வந்து, ஒரு குறையும் கிடைக்காமல், "காபி போடற மெஷின் எங்க?" என்று கேட்டுவிட்டுப் போனான். அவனிடமிருந்து அதுவே பெரிய பாராட்டு. அன்று இரவு எனக்குச் சந்தோஷத்தில் தூக்கம் வரவில்லை.

கர்ட்டிஸ் சோதித்தான். தேவாலயத்தில் பிரசங்கம் நடக்கும்போது வாகன நிறுத்தத்தில் அவளை உட்கார வைத்துக் கூப்பிட்டான். அவள் முட்டைக்கோஸ் வைத்த ரொட்டியை வாய் நிறைய அடைத்துக்கொண்டிருந்தபோது கூப்பிட்டான். சரளைச் சாலையில் வேகமாகப் போய்க்கொண்டிருந்தபோது கூப்பிட்டான். ஒவ்வொரு முறையும், கடன்காரனைத் துரத்துகிற அதே கடுப்போடு என் குரல்: "ஏழு. இருக்கேன்."

"சரி, முதல் புயல் வரைக்கும் தற்காலிகமா வெச்சுக்கலாம்" என்றான். ரேடியோவில் கூப்பிடும்போது மட்டும் ஏழு என்று சொல்லமாட்டான். "ஆறு" என்பான், "நேடீனோட வண்டி" என்பான், "எட்டு" என்பான். நேடீனுடைய வண்டியாம். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

மே மாதம், பிற்பகல். தெற்கிலிருந்து பிசுபிசுவென்று காற்று. மேற்கே மேகம் கோட்டை மாதிரி எழும்பியது. புதுப் பெட்டி மக்கர் பண்ணினால் பார்த்துக்கொள்ள என்று கர்ட்டிஸ் என்னை அடித்தளத்தில் தன் பக்கத்தில் உட்கார வைத்திருந்தான். திரையில் ஜோலீனுடைய புள்ளி, அவளுக்குரிய சாலையில் அசையாமல் இருந்தது. அவளுக்கு வடக்கே கேலன். மற்றவர்கள் தெற்கிலும் கிழக்கிலும் பரவி நின்றார்கள்.

முதல் சுற்றில் எல்லோரும் பதில் சொன்னார்கள். அடுத்த சுற்றுக்குள் ஆலங்கட்டி தொடங்கிவிட்டது. ஒன்று பதில் சொன்னது, கத்திக் கத்தி. அவன் குரலுக்குப் பின்னால் தகரத்தில் சரளை கொட்டுகிற சத்தம். இரண்டு பதில் சொல்லவில்லை. மூன்றும் இல்லை. கர்ட்டிஸ் என்னைப் பார்த்தான். "நாலு." பதில் இல்லை. "நாலு, கேலன், கேக்குதா?"

எனக்கு அப்போதுதான் புரிந்தது. எங்கள் ஆட்கள் எத்தனை வருடமாக இந்த வேலையைச் செய்கிறார்கள், யாருக்கும் தோன்றவில்லை. கூரையில் பேஸ்பால் அளவுக்குக் கட்டி விழும்போது, ஸ்பீக்கரில் யார் என்ன கத்தினாலும் உள்ளே இருப்பவனுக்குக் கேட்காது. இந்த நேரத்தில் எல்லோரும் செவிடுதான்.

கிழக்கே ஆலங்கட்டிக்கு வெளியே நின்ற ஐந்தும் ஆறும் பதில் சொன்னார்கள். கர்ட்டிஸ் பொத்தானை அழுத்தினான். "நேடீனோட வண்டி."

அவன் விரலை எடுப்பதற்குள் வந்தது: "ஏழு. இருக்கேன்." கொஞ்ச இடைவெளி. "ஏழு. ஆலங்கட்டி."

எனக்கு மேஜை மேல் ஏறி நின்று ஆட வேண்டும் போல இருந்தது. ஆடவில்லை. கர்ட்டிஸின் முகம் சரியில்லை.

அவன் இரண்டாவது முறை கூப்பிட்டான். இரண்டு பதில் சொன்னது, மூன்றும் சொன்னது, ஆலங்கட்டியை விட்டு வெளியே வந்திருக்கிறார்கள். நான்கு சொல்லவில்லை. தெற்கிலிருந்து ஒன்றாம் எண் கத்தினான்: "இறங்கிடுச்சு, தரையில இறங்கிடுச்சு. வடகிழக்கா போகுது." கர்ட்டிஸ் சைரனை அழுத்தினான். தலைக்கு மேலே ஊர் முழுக்க அது ஓலமிட ஆரம்பித்தது. வடகிழக்கு என்றால் கேலன் நிற்கிற பக்கம். தீயணைப்பு வண்டி கிளம்பினாலும் ஊரிலிருந்து அங்கே போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். பக்கத்துச் சாலையில் நிற்கிற வண்டி ஒன்றுதான் வழி. அது ஏழு.

"நேடீன், அனுப்பவா?" என்று கேட்டான் கர்ட்டிஸ்.

வேண்டாம் என்ற சொல் என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சத்தியமாக வந்துவிட்டது. அவளுக்கு ஒரு எண் வாங்கித் தரச் சண்டை போட்டேன், சீட்டை அதிர வைத்தேன், ஊரைக் கூட்டிக் காட்டினேன். அந்த எண் வாங்கிக் கொடுப்பது இதைத்தான் என்று அந்த நிமிஷம்வரை என் மண்டையில் உறைக்கவில்லை. என் தங்கையைச் சுழல்காற்றுக்கு முன்னால் போகச் சொல்கிற உரிமை.

"என்னக் கேக்காத. ஏழாம் நம்பரக் கேளு" என்றேன்.

அவன் தட்டச்சு செய்தான். *ஏழு. நாலக் காணோம். உனக்கு வடக்கே, ரெண்டாவது மண் ரோடு. தென்மேற்குல சுழல் தரையில வருது. போக முடியுமா?* பிறகு பொத்தானை அழுத்தினான்.

ரேடியோவில் என் குரல் வந்தது. பசியோடும் எரிச்சலோடும் பட்டறையில் உட்கார்ந்து சொன்ன அதே குரல்.

"ஏழு. போறேன்."

நான் இங்கே வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அங்கே நானே போகிறேன் என்கிறேன். புள்ளி நகர்ந்தது. வடக்கே போனது. மண் சாலையில் திரும்பியது. மெதுவாகி, நின்றது.

நின்றது நின்றதுதான். கர்ட்டிஸ் காத்திருந்தான். பிறகு பொத்தானை அழுத்தி, "ஏழு" என்றான்.

பதில் இல்லை.

ஒரே தடவை என்று நான் கட்டிய பந்தயம் தோற்றது. அது என் மனதில் தூசி அளவுக்குக்கூட இல்லை. "மறுபடி கூப்பிடு" என்றேன். அவன் அழுத்தினான். "ஏழு. ஜோலீன்."

இரைச்சல். பிறகு இரைச்சலுக்குள் ஓர் ஆண் குரல், மூச்சிரைக்க: "நாலு பேசறேன். ஏழுல இருந்து பேசறேன். என் லாரி சேத்துல மாட்டிக்கிச்சு, ஆலங்கட்டி எல்லா ஆன்டெனாவையும் ஒடச்சிருச்சு. இவ்ளோ நேரம் நான் யார்கிட்ட பேசிட்டிருந்தேன்னே தெரியல. இந்தப் பொண்ணு எறங்கி வந்து என் சட்டையப் புடிச்சு இழுத்துட்டு... ஏய், ஏய், மெதுவா, மாடு போகுது பாரு! அடியே, பேய் மாதிரி ஓட்டறாளே!"

அதற்கு மேல், அதே அலைவரிசையில் அவனை வெட்டிக்கொண்டு என் குரல்: "ஏழு. பின்வாங்குறேன்." புள்ளி தெற்கே பறந்தது.

நான் அழுதேன். கர்ட்டிஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டான். நான் நேர்மையானவள் என்பதால் மூக்கை உறிஞ்சியபடியே சொன்னேன்: "ஒரு தடவ பதில் சொல்லாம விட்டுட்டா. வண்டிய விட்டு எறங்கியிருந்தா சீட்டு அதிர்ந்தாலும் தெரியாது. இடுப்புல மாட்டற மாதிரி ஒண்ணு செய்யணும்."

"நேடீன், கொஞ்சம் வாய மூடறியா?" என்றான் கர்ட்டிஸ். பிறகு எட்டைக் கூப்பிட்டான்.

கேலனின் லாரியை மறுநாள் பக்கத்து வயலில் தலைகீழாகக் கண்டுபிடித்தார்கள். எங்கள் கார் முழுக்கக் குழி குழியாகத் திரும்பி வந்தது. கம்பிவலைக்குப் பின்னால் கண்ணாடி முழுசாக இருந்தது, உள்ளே ஒரு ஒயர்கூட அசைந்திருக்கவில்லை. அதைச் சுற்றி வந்து நானே தட்டிக்கொடுத்தேன். அந்த வாரமே கேலன் நெடுஞ்சாலைக் கடையில் இருந்த அதிர்வு மெத்தைகள் அத்தனையையும் அள்ளிக்கொண்டு பட்டறை வாசலில் வந்து நின்றான். அவனுக்குப் பின்னால் இரண்டு, மூன்று, ஒன்பதாம் எண்காரர்கள். எல்லோருக்கும் ஜோலீன் வண்டியில் இருப்பது போல வேண்டுமாம்.

"வரிசையில நில்லுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே திரும்பினேன். ஜோலீன் காருக்குள் உட்கார்ந்து பொத்தான்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கதவைச் சாத்தச் சொன்னாள். மின்விசிறியை நிறுத்தச் சொன்னாள்.

"உன் பதிவையெல்லாம் அழிச்சிடு" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. "ஏன்? என் குரலுக்கு என்ன?"

"போறேன்னு நீ சொன்ன. போனது நான்."

மைக்கை அவளே இழுத்து வைத்துக்கொண்டாள். ஒரு கையைத் தொண்டையில் வைத்தாள். வீட்டில் சாப்பாட்டு மேஜையைத் தாண்டாத அந்தக் குரலை வெளியே எடுத்தாள். சொல்லின் முனைகள் மழுங்கியிருந்தன, பாதியில் ஏறி இறங்கியது. முடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"நல்லா இருக்கு" என்றேன்.

"நல்லா இருக்கான்னு உன்ன யார் கேட்டா? புரியுதா?"

"புரியுது."

"அப்போ அடுத்த பொத்தான்."

ஜூனில் மறுபடி மேற்கே கருத்தது. நான் பட்டறையில் கேலனின் புது லாரிக்குக் கீழே படுத்துக்கொண்டு, அலமாரியில் இருந்த ரேடியோவைக் கேட்டுக்கொண்டிருந்தேன். கர்ட்டிஸ் கூப்பிட்டுக்கொண்டு வந்தான். ஐந்து இருந்தது. ஆறு இருந்தது.

"ஏழு" என்றான்.

"ஏழு. இருக்கேன்" என்றது என் தங்கையின் குரல். மாவட்டம் முழுக்க, எல்லா வண்டியிலும், முதல் முறையாக. ஸ்பேனர் என் கையில் அப்படியே நின்றது. ஒருவர் கிண்டலாக ஏதாவது சொன்னால் போதும், எழுந்து போய் அவர் வண்டியில் நான் போட்ட ஒயரையெல்லாம் பிடுங்கி எறிந்திருப்பேன்.

"இருக்க, ஏழு" என்றான் கர்ட்டிஸ். "எட்டு."